ஒன்பது கோல் வாங்கியவன்

ஒன்பது கோல். இடைவேளைக்கு முன் மூன்று, பின்பு ஆறு. ஒன்பதும் என்னைத் தாண்டித்தான் போயின. கோல் காத்தவன் நான்.

நான் படுவான்கரையில், அதாவது வாவியின் மேற்குக் கரையில் பிறந்தவன். கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோவது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் எழுவான்கரைக்கு, கிழக்கே, போனேன். உடுப்புப் பெட்டிக்குள் பந்தடிக் காற்சட்டையும் இருந்தது. ஊர் மாறினாலும் கழகம் மாறவில்லை. சனிக்கிழமைதோறும் தோணி ஏறிப் போய்ப் பழைய கழகத்துக்கே ஆடினேன். இரண்டாம் உலக யுத்தம் இன்னும் தொடங்கியிராத நாட்கள் அவை. எங்களுக்கு ஒன்பது கோல் அடித்தது யார் என்றால், என் மனைவியின் ஊர்க் கழகம். அதில் நான்கு அவளுடைய அண்ணன் அடித்தது.

அன்று பொழுதுபட அவரும் நானும் ஒன்றாகத்தான் சாப்பிட உட்கார்ந்தோம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு வேறு எங்கே போவது? அவர் சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

“மச்சான், கோவிக்காத. எங்கட பக்கம் வாவன். அங்க கிடந்து ஏன் சீரழியிறாய்?”

“மாட்டன்.”

“ஒன்பது வாங்கிப் போட்டும் மாட்டியோ?”

“தொண்ணூறு வாங்கினாலும் மாட்டன்.”

மனைவி என் சோற்றுக் கோப்பையில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். அந்த இரக்கந்தான் எனக்கு எரிச்சலை மூட்டியது. ஆனாலும் மீனைத் தின்றேன்.

அடுத்த சனிக்கிழமை வாடைக்காற்று. தோணிக்காரர் தோணியை இறக்கவே மாட்டேன் என்றுவிட்டார். நனைந்துகொண்டு அக்கரையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை, காற்று அடங்கியதும், எங்கள் கழகத் தலைவன் வீடு தேடி வந்தான். ஒன்றாய் வாவியில் நீச்சல் பழகியவர்கள் நாங்கள். சுகம் விசாரிக்க வந்திருக்கிறான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவனோ கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான்.

“நேத்து வரல்லியே?”

“தோணி விடல்லடா.”

“ஓம், ஓம். பொடியனுகள் வேற கதையொண்டு கதைக்கானுகள். மச்சானுக்கெண்டு நீ கோல விட்டுக் குடுத்தியாம்.”

அன்று பந்து பட்டு வீங்கிக் கிடந்த விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். விட்டுக்கொடுக்கவில்லை என்றால் பிடிக்கத் தெரியாதவன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வெட்கத்தை விட்டு அதையும் ஒப்புக்கொண்டேன்.

“சத்தியமாச் சொல்றன், எனக்குப் பிடிக்க ஏலாமப் போச்சுடா!”

அவன் தலையை ஆட்டினான். நம்பியதற்கா, நம்பாததற்கா என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மச்சான் உள்ளேயிருந்து வந்தார். “அவன் ஒண்டும் விட்டுக் குடுக்கல்ல. நான் அடிச்ச அடி அப்பிடி,” என்று எனக்காகச் சாட்சி சொன்னார். நல்ல மனுஷன், நல்லதைத்தான் நினைத்தார். ஆனால் என் கதை அதோடு முடிந்தது.

“நீ இப்ப இந்த ஊர் மாப்பிள்ள. நாங்க என்ன செய்யிற?” என்று சொல்லித் தலைவன் எழுந்தான். எனக்குப் பதிலாக வேறொருவனைப் பிடித்துவிட்டார்களாம். வாசல் படலை வரைக்கும் கூடவே போனேன். அங்கே வைத்துக் கெஞ்சினேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மச்சானின் கழகத்துக்கு நான் போகவில்லை. போயிருந்தால் அந்தப் பழி உண்மையாகியிருக்கும். போகாததையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சில மாதம் கழித்து அதே இரண்டு கழகங்களும் மறுபடி மோதின. எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றேன். ‘எங்கள்’ என்றுதான் இப்போதும் எழுத வருகிறது. “வலது பக்கம் பார், வலது பக்கம்!” என்று அந்தப் புதியவனுக்குத் தொண்டை கட்டும்வரை கத்தினேன். பதினொரு கோல் போயின. ஆட்டம் முடிந்ததும் தலைவன் ஓடிவந்து அவன் தோளில் கையைப் போட்டான். “பாவம், அவன் என்ன செய்வான்!” என்று எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டு தோணித்துறைக்கு நடந்தார்கள். அவன்மேல் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.