சர்க்கரை இல்லாத சர்க்கரைக்காரர்

பலராமன் சார் போய்விட்டார் என்ற செய்தி கைபேசியில் வந்தபோது நான் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். மாரடைப்பு. நைனார்பாளையத்தில் அவர் வீட்டு வாசலை எட்டியபோது இரண்டு பேர், "நெசமாவே மாரடைப்புதானா?" என்று குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். மனதுக்கு மாத்திரை சாப்பிட்டவர் மாரடைப்பில் சாகக்கூடாதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரே அரசு அலுவலகத்தில் நாங்கள் பதினோரு ஆண்டுகள் எதிரெதிர் மேசை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை போடுவார். கேட்டால், "சக்கரைங்க" என்பார். அதனால் டீயும் சர்க்கரை இல்லாமல்தான். வெள்ளிமலை முகாமுக்குப் போனபோது ஒரு வீட்டில் சாமைப் பாயசம் காய்ச்சிக் கொடுத்தார்கள். நாங்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தோம். அவர் வெந்நீர் குடித்துவிட்டு எங்கள் டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னிடமும் ஒரு பொய் இருந்தது. கணவருக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லித்தான் அடிக்கடி விடுப்பு எடுப்பேன். உண்மையில் அவருக்குக் குடி. ஒருமுறை திடீரென்று நிறுத்தியதில் உடம்பெல்லாம் நடுங்கி, எதிரில் இல்லாத ஆட்களோடு பேச ஆரம்பித்துவிட்டார். மாமியார் மந்திரிக்க ஆள் தேடினார். விடுப்புக் கடிதம் கொடுக்க ஓடிய நான், "காமாலை முத்திப் பெனாத்துறாரு சார்" என்றேன். பலராமன் சார் என்னைத் தனியே அழைத்தார்.

"இது காமாலை இல்லிங்க மேடம். அவரு குடிக்கறது எனக்கு எப்பவோ தெரியும். எனக்கும் சக்கரை இல்லிங்க. பதினாலு வருசமா மனசுக்குத்தான் மாத்திரை சாப்புட்றேன். குடிய திடீர்னு வுட்டா இப்டி ஆவும்னு எனக்குப் பாக்குற பெரியாஸ்பத்திரி டாக்டரே சொல்லியிருக்காரு. வூட்ல வெச்சிக்கினு இருக்காதிங்க, உயிருக்கே ஆபத்து. அவருகிட்டயே இட்டுக்கினு போங்க." பிறகு தணிந்த குரலில், "கவிதாவுக்கு சின்னசேலத்துல பேசிக்கினு இருக்கோம். யாருகிட்டயும் சொல்லிடாதிங்க" என்றார். கவிதா அவருடைய ஒரே மகள்.

நான் சொல்லிவிட்டேன்.

மாமியார் வாசலை மறித்து நின்றார். "அங்க இட்டுக்கினு போனா எம்புள்ளைக்கி பைத்தியம்னு பட்டம் கட்டிடுவாங்கடி!" எனக்கு வேறு வழி தெரியவில்லை. "பலராமன் சாரும் அங்கதான் மாத்திரை வாங்குறாரு. அவரு பைத்தியமா?" என்று கத்தினேன். மாமியார் விலகினார், கணவர் பிழைத்தார். ஆனால் மாமியாருக்குச் சின்னசேலத்தில் சொந்தம் உண்டு. ஒரே வாரத்தில் கவிதாவின் சம்பந்தம் நின்றுபோனது.

அழுதுகொண்டே அவர் மேசை முன் நின்றேன். "உங்க வூட்டுக்காரரு எழுந்து உக்காந்தாரா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப வுடுங்க." அதன் பிறகு நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் டீக்கடையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "மூணு ஸ்பூன் சக்கரை போடுப்பா. இனிமே மறைக்கறதுக்கு இன்னா இருக்குது?"

பெஞ்சில் ஒருவர் தள்ளி உட்கார்ந்தார். ஆனால் அதற்குப் பிறகுதான் தம்பிக்கு, மனைவிக்கு, தனக்கு என்று வழி கேட்டு ஒவ்வொருவராக அவரிடம் வர ஆரம்பித்தார்கள். விடுப்பு போட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கூடவே போவார். இதற்கெல்லாம் விலை கொடுத்தவள் கவிதா. அவளுக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை. என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அது நியாயம்தான்.

நேற்று காரியத்துக்குப் போயிருந்தேன். படத்தின் முன் வைக்க டீ ஆற்றிக்கொண்டிருந்த கவிதா என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"வூட்ல அப்பாவுக்கு ஒரு ஸ்பூன்தான் போடுவோம். கடையில எத்தினி போட்டுப்பாரு மேடம்?"

"மூணும்மா" என்றேன்.

மூன்றும் போட்டுக் கலக்கி, டம்ளரை என் கையில் கொடுத்தாள். நான்தான் கொண்டுபோய் வைத்தேன்.

குடித்துவிட்டுப் போங்கள், சார்.