எழுபது இருக்கை விமானத்தில் ஒரு கூறைச்சேலை

என் கணவரின் தங்கை மகனுக்கு வட்டுக்கோட்டையில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுபோக வேண்டிய கூறைச்சேலையைக் காஞ்சிபுரத்தில் வாங்கிவரும் பொறுப்பு, சென்னையில் இருக்கும் எனக்கு வந்தது. அதற்காகத்தான் இந்தத் தை மாதம் பலாலி விமான நிலையத்துக்குப் பறந்தேன்.

மாப்பிள்ளையின் தாய், என் மச்சாள், தொலைபேசியில் ஒரு நிபந்தனை வைத்தார்.

“கூறையைப் பெட்டிக்குள்ளை வைச்சுப் பூட்டிக்கொண்டு வாங்கோ மச்சாள். கையிலை கொண்டு திரிய வேண்டாம். சனம் கதைக்கும்.”

கணவர் போய் ஆறு வருடம். கைம்பெண் கைபட்ட கூறை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது மச்சாளின் பயம். “ஓம்” என்று மட்டும் சொன்னேன்.

என் மகனுக்கு வேறு கவலை. அவன் ஐரோப்பாவில் விமானம் தயாரிக்கும் ஒரு பெரிய கம்பனியில் பொறியியலாளன். “உந்தச் சின்ன விசிறி விமானத்திலை ஏன் போறியள் அம்மா? எங்கடை ஜெற்றிலை கொழும்புக்குப் போய், அங்கையிருந்து கார் பிடியுங்கோ.”

“எட்டு மணித்தியாலம் காரிலை குலுங்கவோ? உங்கடை ஜெற் பலாலியிலை இறங்குமோ?”

இறங்காது. ஓடுபாதை குட்டை. உலகில் விமானம் செய்யும் பெரிய கம்பனிகள் இரண்டும் நூற்றைம்பது, இருநூறு இருக்கை விமானங்களுக்காக மோதிக்கொள்கின்றன. எழுபது இருக்கையில் அவற்றுக்கு ஆர்வம் இல்லை. அந்த இடத்தில்தான் சிறியவர்கள் பிழைக்கிறார்கள். சற்றுப் பெரிய விமானம் ஒன்றைச் செய்து பார்த்த ஒரு சிறிய கம்பனி, கடைசியில் அந்த விமானத்தையே பெரியவர் ஒருவரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. “நல்ல விமானம், அதுதான் வாங்கினனாங்கள்” என்றான் மகன், கூச்சமே இல்லாமல். நான் சிறியவர்களின் கட்சி.

காலை 10.20க்கு விமானம். 7.30க்கே சென்னை விமான நிலையத்தில் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

“மேடம், எதிர்க்காத்து. எரிபொருள் கூடுதலா போடுறாங்க, அதனால எடை குறைக்கணும். உங்க பெட்டி அடுத்த ஃப்ளைட்ல வந்துரும்.”

“அது எப்போது?”

“நாளைக்கு மத்தியானம்.”

முகூர்த்தம் மறுநாள் காலை 9.12. கொழும்பு ஜெற் என்றால் என் பதினைந்து கிலோவை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மகன் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருந்தது. வாதாடவில்லை. பெட்டியை அங்கேயே திறந்து, கூறையை மட்டும் எடுத்துக்கொண்டு, திரும்பப் பூட்டிக் கொடுத்தேன்.

தலைக்கு மேலுள்ள தட்டு மிகச் சிறியது, முன்பே நிறைந்துவிட்டது. கூறை என் மடியில் இருந்தது. ஒரு மணி இருபது நிமிடம். கடல் முடிந்ததும் செம்மண்ணும் வெங்காயப் பாத்திகளும் தெரிந்தன. விமானம் குலுக்கமில்லாமல் இறங்கியது.

வாசலில் டாக்சி. வட்டுக்கோட்டைக்கு ஏறத்தாழ இருபது கிலோமீற்றர், இலங்கைக் காசில் ஐயாயிரம் ரூபாய். மருதனார்மடச் சந்தியில் சந்தை நெரிசல். கால் மணித்தியாலம் நின்றோம். சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“பெட்டி ஒண்டும் இல்லாமல் பலாலியாலை வந்த முதல் ஆள் நீங்கள்தான் அம்மா. ஆரோடையும் கோபமோ?”

“காற்றோடை” என்றேன்.

கல்யாண வீட்டில் மச்சாள் வாசலுக்கே வந்துவிட்டார். பின்னால் நான்கைந்து பெண்கள்.

“பெட்டி எங்கை மச்சாள்?”

“சென்னையிலை. நாளைக்கு மத்தியானம் வரும்.”

“ஐயோ, அப்ப கூறை?”

“என்ரை மடியிலை வந்தது.”

மச்சாள் பின்னால் நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். கூறையை வாங்க வேறு ஒருத்தியை அவர் அனுப்பியிருக்கலாம். உள்ளே போனார். கூறை வைக்கும் தட்டத்தோடு திரும்பி வந்து என் முன்னால் நீட்டினார்.

“நீங்களே வையுங்கோ. கடல் தாண்டிப் பிடிச்சுக்கொண்டு வந்தவ, இன்னும் ரெண்டடி பிடிச்சால் என்ன? கதைக்கிற சனம் போய்க் கொழும்பாலை கொண்டு வரட்டும்.”

வைத்தேன். மறுநாள் 9.12க்கு முன்பே அது மணமகளின் கையில் இருந்தது.

போகிறவர்களுக்கு: சிறிய விமானத்தை நம்பிப் போங்கள், அரை நாள் மிச்சம். காலை விமானம் நல்லது. கைப்பையை ஏழு கிலோவுக்குள் வையுங்கள். பெட்டி பிந்தலாம் என்று நினைத்தே அடுக்குங்கள். நாள் தவறக் கூடாத பொருளை, யார் என்ன சொன்னாலும், கையில் கொண்டுபோங்கள்.