"அட்டாச்மென்ட் இல்லை"

சவூதியில், தம்மாமில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் டைம் ஆபீஸில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். எல்லாருடைய டூட்டி, லீவு, டிக்கெட்டும் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். இன்று அதுபோன்ற மேஜையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

ரொடெல் எங்கள் வெல்டர், பிலிப்பைன்ஸ்காரன். பிளான்ட்டை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் நடந்துகொண்டிருந்தபோது ஒரு காலையில் வந்து நின்றான். அவன் தீவைப் புயல் புரட்டிப் போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. மனைவிக்குப் போன் போகவில்லை.

"பாய், எமர்ஜென்சி லீவ். ஜல்தி, ப்ளீஸ்."

எங்கள் கம்பெனியில் எமர்ஜென்சி லீவு என்றால் வீட்டில் யாராவது செத்திருக்க வேண்டும், டெத் சர்டிபிகேட்டும் ஃபாரத்தோடு வர வேண்டும். பழக்க தோஷம், வாய் தானாகக் கேட்டது.

"சர்டிபிகேட்?"

அவன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். சாய்ந்து கிடந்த தென்னைகளுக்கு நடுவே நான்கு சுவர் மட்டும் நின்றது.

"முனிசிபாலிட்டி ஆபீஸ், பாய். ரூஃப் மாஃபி, பேப்பர் மாஃபி. சர்டிபிகேட் கோன் தேகா?" கூரையே இல்லை, காகிதமே இல்லை, சர்டிபிகேட் யார் தருவார் என்கிறான்.

ஃபாரத்தை மேனேஜரிடம் கொண்டுபோனேன். அவர் நம்ம திருச்சிக்காரர்.

"யாருய்யா செத்தது?"

"தெரியல சார். போன் போகல."

"தெரிஞ்சதும் வரச் சொல்லு. ஷட்டவுன்ல வெல்டரை விட்டுட்டு நான் என்ன பண்ண? அவங்க ஊர்ல வருஷா வருஷம் புயல் அடிக்கத்தானே செய்யுது!"

வருஷா வருஷம் அடிக்கிறதாம்! கேட்டீர்களா நியாயத்தை? அடிக்கிற புயலில் ஒவ்வொரு முறையும் வேறு ஒருவன் வீடுதானே போகிறது? கம்பெனி எக்ஸிட் விசா அடிக்காமல் அவன் சவூதியை விட்டு நகரவும் முடியாது. நான் வாயை மூடிக்கொண்டு வந்து, ஃபாரத்தில் சிவப்பு மையால் "அட்டாச்மென்ட் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

நான் குளச்சல் பக்கத்துக்காரன். புயலில் கடலுக்குப் போன என் சித்தப்பா மகன் திரும்பவில்லை. உடல் எங்கே, சர்டிபிகேட் எங்கே என்று சித்தியை ஆபீஸ் ஆபீஸாக அலையவிட்டார்கள். அன்று வயிறெரிந்து அவர்களைத் திட்டியவன் நான். அதே கேள்வியை ரொடெலிடம் கேட்கும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வெட்கக்கேடு!

அவன் வந்து கேட்ட நாளிலிருந்து ஐந்தாம் நாள் வாட்ஸப்பில் டெத் சர்டிபிகேட் வந்தது. பள்ளிக்கூடத்தில் நடந்த மருத்துவ முகாமில் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தது. சுவர் விழுந்து கால் நசுங்கிய அவன் மனைவி, முந்தின நாள் வரை அங்கே உயிரோடு கிடந்திருக்கிறாள்.

மேனேஜர் ஒரு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார். "இப்ப பேப்பர் கரெக்டா இருக்கு. யல்லா, சீக்கிரம் அனுப்பு."

டிக்கெட் போட ரொடெலின் ஃபைலைத் திறந்தேன். இன்னும் மூன்று மாதத்தில் அவனுக்கு வருடாந்தர லீவு வர இருந்தது. அதை முன்னால் இழுக்க ஃபோர்மேன் கையெழுத்தே போதும், சர்டிபிகேட் தேவையில்லை. தங்கச்சி கல்யாணம், வீடு பால்காய்ப்பு என்று எத்தனையோ பேருக்கு நானே அப்படி இழுத்துக் கொடுத்திருக்கிறேன். இவனுக்கு மட்டும் அந்த ஃபைலை நான் திறந்தே பார்க்கவில்லை.

கம்பெனி வைத்திருந்த பாஸ்போர்ட்டை என்னிடம் வாங்கும்போது ரொடெல் என்னைத் திட்டவில்லை.

"ஃபோர் டேஸ் ஷி வெயிட், பாய்," என்றான்.

பிள்ளைகளே, புயல், வெள்ளம் என்று ஒருவன் வந்து நின்றால் முதலில் அவன் ஃபைலைத் திறந்து வழி தேடுங்கள். மேனேஜரை நான் இன்றைக்கும் திட்டுகிறேன். ஆனால் திருப்பி அனுப்பிய அந்த ஃபாரத்தில் அவர் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. சிவப்பு மை முழுக்க என்னுடையது.