அப்பா பெயருக்கு முன் சிலுவை

எண்பதுகளின் கடைசியில் சுங்கைப் பட்டாணியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கும் வேலை பார்த்தேன். பாடாங் செராய்த் தோட்டத்து வீட்டிலிருந்து தினமும் பஸ். மற்றவர்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது நான் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்கிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. அதை மறைக்க மாட்டேன்.

திரையில் தமிழ் தெரியாது. அடிப்பதெல்லாம் ஆங்கில எழுத்துகளாகத்தான் ஓடும். தாளில் வந்தால்தான் தமிழ். நடுநடுவே குறிகள் வேறு. பெயர் தடித்து வர ஒரு குறி, நடுவில் நிற்க ஒரு குறி. திறந்த குறியை மூட மறந்தால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் தடித்துப் போகும். முதலில், எழுத்து அடிக்கும் எடிட்டரை விட்டு வெளியே வந்து வேறொரு புரோகிராமை ஓட்டி, பிழையுள்ள வரிகளைத் தாளில் குறித்துக்கொண்டு மறுபடி உள்ளே போக வேண்டும். உயிர் போய் உயிர் வரும். பிறகு புது எடிட்டர் வந்தது. உள்ளே இருந்தபடியே ஒரு விசையை அழுத்தினால் போதும், மூடாத குறியிடம் கொண்டுபோய் நிறுத்தும். எல்லாம் சரியென்றால் கீழே 'பிழை இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் பரீட்சையில் பாஸான சந்தோஷம் எனக்கு. தாளில் எடுத்துப் படித்துப் பார்க்கும் பழக்கத்தையே விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு கோத்தா கோலா மூடா. கார்டை நான்தான் அடிப்பேன் என்று அடம்பிடித்தேன். எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களில், பெற்றோரில் இறந்தவர் பெயருக்கு முன்னால் சின்னச் சிலுவை போடுவோம். அதற்கும் ஒரு குறி. முந்தின வாரம் அடித்த வேறொரு கார்டின் ஃபைலை நகலெடுத்து, பெயர்களை மட்டும் மாற்றி, விசையை அழுத்தினேன். பிழை இல்லை.

அந்தக் கார்டில் இறந்தவர் பெண்ணின் அப்பா. எங்கள் வீட்டுக் கல்யாணத்திலோ மாப்பிள்ளையின் அப்பாதான் இல்லை.

தங்கள் வீட்டுக்கான கார்டுக் கட்டை மாப்பிள்ளையே அச்சகத்துக்கு வந்து வாங்கிப் போனார். எங்கள் கட்டை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"ஏம்மா, காலையில பால் வெட்டிட்டுத்தானே வந்தேன்? எப்ப செத்தேன்? எனக்கே தெரியலையே லா!"

அக்கா ஓவென்று அழுதாள். அப்பாவுக்குத் தன்னைப் பற்றிக் கவலையில்லை. "மாப்பிள்ளையோட அம்மாவுக்குப் புருஷன் போயி ஒரு வருஷம்கூட ஆகல. இதைப் பாத்து மனசு உடைஞ்சு, இந்தக் கல்யாணமே வேணாம்னுட்டா?" என்றார்.

மறுநாள் முதலாளியான சீனத் தவுக்கேயிடம் ஒப்புக்கொண்டேன். ஒரு முறை முறைத்துவிட்டு, மறுபடி அச்சடிக்கக் காகிதம் எடுத்துக் கொடுத்தார். திருத்தி, தாளில் எடுத்து, ஒவ்வொரு பெயரையும் விரலால் தொட்டுப் படித்தேன். ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பாவும் நானும் புதுக் கட்டோடு பஸ் ஏறினோம்.

மாப்பிள்ளையின் அம்மாவை வாசலில் பார்த்ததுமே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மன்னிச்சிருங்க அத்தை. நான்தான் தப்பா அடிச்சிட்டேன்."

அவர் உள்ளே போய்ப் பழைய கட்டைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினார். அது பிரிக்கப்பட்டிருந்தது.

"எடுத்துட்டுப் போயிருங்க அண்ணே. இது ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது."

புதுக் கட்டை வாங்கி மேசைமேல் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பழசுல ஒண்ணை மட்டும் நான் எடுத்து வச்சுக்கிட்டேன்மா. உங்கப்பா பேருக்கு முன்னால இருந்த சிலுவையை பிளேடால சுரண்டிட்டேன், பயப்படாத. அதுல எங்க வீட்டுக்காரரு உயிரோட நின்னு மகன் கல்யாணத்துக்குக் கூப்பிடுறாரு."