யோனா படுத்துக்கொண்டது

சாயர்புரத்து வீட்டு மொட்டை மாடிக் கொடியில், துணிகளுக்கு நடுவே மீன் தொட்டியின் ஃபில்டர் பஞ்சு வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. தொட்டியை இடம் மாற்றிக் கொடுக்க வந்த நான் ஓடிப்போய் அதைத் தொட்டுப் பார்த்தேன்.

“கழுவிட்டேன் அண்ணாச்சி. அழுக்கோடயா புது வீட்டுக்குப் போறது?” என்றார் டீச்சர். ஓய்வுபெற்றவர், தனியாக இருந்தவர். தூத்துக்குடியில் மகள் வீட்டுக்குக் குடிபோகிறார்.

“அது அழுக்கில்ல டீச்சர். மீன் கழிவைத் தின்னுத பாக்டீரியா பூரா அதுலதான் இருக்கும். அது இல்லன்னா தண்ணி விஷமாயிரும்.”

“அப்போ யோனா?”

யோனா அவருடைய ஆஸ்கார் மீன். பைபிளில் மீன் வயிற்றில் கிடந்தவரின் பெயரை மீனுக்கே வைத்த குறும்புக்காரர் அன்று சிரிக்கவில்லை.

பழைய தண்ணீரைக் கேன்களில் பிடித்துக்கொண்டு, தொட்டியை என் வண்டியில் ஏற்றினேன். மூடி போட்ட வாளியில் யோனா. மேலே பேட்டரி ஏர் பம்ப். டீச்சர் வாளியை மடியில் அணைத்தபடி வந்தார். தூத்துக்குடி நெருங்க நெருங்க உப்பளங்கள். வானம் கீழேயும் கிடந்தது. வண்டி ஓடுகிறதா மிதக்கிறதா என்றே தெரியவில்லை. வாளிக்குள் தண்ணீர் மெல்லத் தளும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

வழியில் என் வளர்ப்பு மீன் கடையில் நிறுத்தி, ஓடிக்கொண்டிருந்த தொட்டியிலிருந்து பழுப்பேறிய பஞ்சை எடுத்துக்கொண்டேன். பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். மகள் வீட்டில் தொட்டியை வைத்து, பழைய தண்ணீரை ஊற்றி, ஃபில்டரில் அந்தப் பஞ்சை வைத்தேன். யோனாவை விட்டதும் ஒருக்களித்துத் தரையில் படுத்துவிட்டது.

“போயிட்டான்!” டீச்சர் அழுதேவிட்டார்.

“செவுள் அசையுது பாருங்க. கோவிச்சுக்கிட்டுப் படுத்திருக்கான். இடம் மாத்துனா ஆஸ்காருக்கு இது வழக்கம்.”

சொல்லிவிட்டேனே தவிர, கோபமா விஷமா என்று எனக்கும் பயம்தான். தினமும் போய்த் தண்ணீரை டெஸ்ட் பண்ணி, கொஞ்சம் மாற்றினேன். யோனா இரையைத் தொடவில்லை.

“அம்மாவும் சரியா சாப்பிட மாட்டேங்காவ” என்றாள் மகள்.

ஒரு சாயங்காலம். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும் கப்பல் அசையாததுபோல் அசைந்தது. டீச்சர் ஒரு துண்டு இறாலைத் தண்ணீரில் விட்டார். யோனா எழுந்தது. சோம்பல் முறிப்பதுபோல் ஒரு சுற்று வந்து, லபக்கென்று விழுங்கியது. என் கண் கலங்கிவிட்டது.

டீச்சர் அடுக்களையில் நின்ற மகள் பக்கம் திரும்பினார். “ஏளா, எனக்கும் ரெண்டு இட்லி வையி.”

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பஞ்சைக் கழுவ விடாதீர்கள். தொட்டியை மாற்றிக் கொடுத்த வீட்டுக்குப் போன் பண்ணினால், மீன் சாப்பிட்டதா என்று மட்டும் கேட்டுவிட்டு வைக்காதீர்கள்.