கிளறா அடித்த விஸ்பிபூரோ

மன்னாரிலிருந்து இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்த நாள்முதல் கிளறாவுக்கு வயதானவர்களைப் பராமரிப்பதுதான் வேலை. கபோச் சந்தைக்கு மேலே, மூன்றாம் மாடியில் அவர் பார்த்துக்கொண்டது, ஹெல்மி சிஞ்ஞோரா என்று எல்லோரும் மரியாதையாக அழைத்த மூதாட்டியை. பின்லாந்தில் பிறந்து, பலெர்மோக்காரரை மணந்து, அவரையும் இழந்தவர்.

போன வசந்தத்தில் சிஞ்ஞோராவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பினார், ஆனால் ஐம்பது வருடம் பேசிய இத்தாலியன் போய்விட்டது. பின்னிஷ் மட்டுமே மிஞ்சியது. மிலானில் இருந்த மகனுக்கு அந்த மொழி தெரியாது. சாப்பாட்டைக் கண்டால் சிஞ்ஞோரா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே சொல்லைச் சொல்வார்: "விஸ்பிபூரோ."

அந்தச் சொல்லைக் குரலில் தேட, கிளறா கைபேசியை அவர் வாயருகே பிடித்தார். திரையில் இளஞ்சிவப்பாக ஒரு கிண்ணம் தெரிந்தது. புளிப்பான காட்டுப் பழத்தின் சாற்றில் ரவையைக் காய்ச்சி, நுரைக்க நுரைக்க அடிக்கிற இனிப்பு.

அந்தப் பழம் கபோவில் கிடைக்கவில்லை. கிளறா கறுத்த மல்பெரி வாங்கி, புளிப்புக்கு எலுமிச்சை பிழிந்து காய்ச்சினார். அவசரத்தில் சூட்டோடு அடித்ததில் அது களியாய்ப் போனது. சிஞ்ஞோரா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

கிளறாவின் கணவர் றஞ்சித் கேட்டார்: "உதுக்கு ஏன் இவ்வளவு பாடுபடுறாய்? எங்கட ரவைக் கஞ்சியைக் குடுத்தா என்ன?"

"அவ கேட்டது கஞ்சி இல்லையப்பா. வாயில மிஞ்சிக் கிடக்கிற சொல்லு அதொண்டுதான். நான் அதைச் செய்யாட்டி வேற ஆர் செய்யிறது?"

மறுநாள் சட்டியைக் குளிர்ந்த தண்ணீருக்குள் இறக்கி, நன்றாக ஆறவிட்டு அடித்தார். கத்தரிப்பூ நிறம் மெல்ல வெளுத்து இளஞ்சிவப்பானது. சட்டி நிறையப் பொங்கியது.

சிஞ்ஞோரா கிண்ணத்தைப் பார்த்தார். விரலால் பால் போத்தலைக் காட்டினார். கிளறா குளிர்ந்த பாலைச் சுற்றிவர ஊற்றினார். சிஞ்ஞோரா கரண்டியைத் தானே பிடித்துக் கடைசிவரை வழித்துச் சாப்பிட்டார். கிளறாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன்பிறகு சூப்பும் பாஸ்தாவும் மெல்ல உள்ளே போயின. இப்போது சிஞ்ஞோரா கைத்தடியோடு குசினி அடுப்படிவரை நடக்கிறார். இத்தாலியன் அரைகுறையாகத் திரும்பியிருக்கிறது. இடையிடையே கிளறாவின் தமிழும் கலந்துவிட்டது. நத்தார் பண்டிகைக்கு வந்த மகன், விஸ்பிபூரோ செய்யத் தானும் பழகவேண்டும் என்று கிளறாவின் கையிலிருந்து சட்டியை வாங்கி அடித்தான். கை உளைந்து நிறுத்தியதும், சிஞ்ஞோரா மேசையைத் தட்டிச் சொன்னார்:

"இன்னும்!"

மகன் விளங்காமல் கிளறாவைப் பார்த்தான். கிளறா சிரித்துக்கொண்டே, "அங்கோரா," என்று அதையே அவனுக்கு இத்தாலியனில் சொன்னார்.