ஞானம் டீச்சர் கம்ப்யூட்டர் கொண்டுவரவில்லை

ஞானம் டீச்சர் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது அவர் வீட்டார் அல்ல. பிரிக்பீல்ட்ஸ் பாலர் பள்ளி நிர்வாகக் குழுவின் செயலாளர்தான் போன் செய்தார். "டீச்சர், நம்ம ஞானம் டீச்சர் தவறிட்டாங்க. கிள்ளான்ல, தங்கச்சி வீட்டுல. நேத்தே எடுத்துட்டாங்களாம். நாங்க ஒரு நினைவு மலர் போடலாம்னு இருக்கோம். நீங்க கூட வேலை செஞ்சவங்க, ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கலா. நம்ம பிள்ளைங்களுக்கு மொத மொதல்ல கம்ப்யூட்டர் கொண்டு வந்தவங்கன்னு நல்லாப் போட்டு எழுதுங்க." இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். எனக்கு அழுகை வரவில்லை. போனை வைத்ததும் எழுத உட்கார்ந்தேன்.

அவரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போன பெற்றோர்களுக்கும், அவரிடம் படித்து இன்று மீசை முளைத்து நிற்பவர்களுக்கும். ஞானம் டீச்சர் அந்தப் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவரவில்லை. கம்ப்யூட்டர் வந்த மூன்றாம் வாரம் அவர் வேலையை விட்டுப் போனார். நிர்வாகக் குழு அவரைத் துரத்திவிட்டது என்று ஒரு பேச்சு இத்தனை வருடமாக உலவுகிறது. அதைப் பரப்பியவர்களில் நான்தான் முதல் ஆள். அதுவும் உண்மையல்ல. அவர் ஏன் போனார் என்பதை எழுதாமல் அவருக்கு அஞ்சலி என்று எதை எழுதினாலும் அது இன்னொரு பொய்யாகத்தான் இருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியில் இரண்டு அறைகள். ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். ஒன்றில் என் வகுப்பு, மற்றதில் ஞானம் டீச்சருடையது. என் அப்பா ரயில்வே கூலி. அவருடைய அப்பா அதே ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். ஞானம் டீச்சர் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். என் வகுப்பில் "கை கட்டு" என்று ஒரு குரல் கொடுத்தால் முப்பது பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். பெற்றோருக்கு என் வகுப்புதான் பிடிக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவர் வகுப்பில் எந்நேரமும் சந்தை இரைச்சல். பெரிய பிஸ்கட் டின் ஒன்றில் பழைய சாமான்கள் வைத்திருந்தார்: டார்ச் லைட் பல்ப், பேட்டரி, சைக்கிள் மணி, செத்துப்போன டெலிபோன், கடிகாரம், சின்ன ஸ்குரூ டிரைவர் ஐந்தாறு. ஐந்து வயதுப் பிள்ளைகள் அந்த டெலிபோனைக் கழற்றிப் பார்ப்பார்கள். ஒரு கேசட் ரெக்கார்டரும் இருந்தது. அதன் பொத்தான்களைப் பிள்ளைகள் மட்டுமே அமுக்கலாம் என்பது அவர் வகுப்புச் சட்டம். அவர்கள் ஜன்னல் பக்கம் அதை வைத்து ரயில் சத்தத்தைப் பிடித்து, திரும்பப் போட்டுக் கேட்டு, இது சரக்கு ரயில், இது ஆள் ரயில் என்று சண்டை போடுவார்கள். "கெட்டுப் போகாதா டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டேன். "கெடட்டும். தொட விடாத சாமானைப் பிள்ளையளுக்குக் காட்டக்கூடாது சரோஜா. பசிச்ச பிள்ளைக்குச் சோத்துப் படம் காட்டுற மாதிரி அது" என்றார்.

அவர் வகுப்பில் படித்த மாலதியின் அப்பா சண்டைக்கு வந்த காலையும் நினைவிருக்கிறது. அவர் லோரி ஓட்டுநர், நல்ல உடம்பு, படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. "என்னா டீச்சர் இது! ஏபிசி படிக்கத்தான அனுப்பினேன்? வீட்டு ரேடியோவ ஃபுல்லா பிரிச்சிப் போட்டுட்டா!" ஞானம் டீச்சர் பதறவில்லை. "பிள்ளை திருப்பிப் பூட்டினதோ?" என்று கேட்டார். அவர் சற்றுத் தடுமாறி, "பூட்டிட்டா. பாடவும் செய்யிது. ஆனா ஒரு ஸ்குரூ மிச்சம்!" என்றார். "அப்ப அந்த ஸ்குரூவை நாளைக்குக் குடுத்து விடுங்கோ. அது இல்லாமலே ஏன் பாடுது எண்டு எல்லாருமாப் பாப்பம்." மனிதருக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற மாலதியின் முகத்தில் அன்று இருந்த பெருமையை நான் வேறு எந்தப் பிள்ளையிடமும் பார்த்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில், மாலதி அங்கே படித்த அதே வருடம், கம்ப்யூட்டர் பைத்தியம் எல்லாரையும் பிடித்தது. அம்பாங்கில் ஒரு பாலர் பள்ளியில் இருக்கிறதாம், காஜாங்கிலும் வந்துவிட்டதாம், நம்மிடம் இல்லையாம். நிர்வாகக் குழுத் தலைவர் எங்கேயோ பேசி, ஒரு கம்பெனி கழித்துப்போட்ட நான்கு கம்ப்யூட்டர்களை வாங்கி வந்தார். அவற்றில் இரண்டு எரியவே இல்லை. அதனால் என்ன? பள்ளியில் முதன்முறையாக ஏர்கோன் போட்டார்கள், பிள்ளைகளுக்கு அல்ல, அந்தப் பெட்டிகளுக்கு. அதற்காக ஞானம் டீச்சரின் வகுப்பைப் பாதியாகத் தடுத்தார்கள். சிலிப்பரைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கீபோர்டு விசைகளுக்கு மேல் பிளாஸ்டிக் உறை, உறைக்கு மேல் துணி. கதவுக்குப் பூட்டு, சாவி தலைவரிடம்.

ஐயரை அழைத்துப் பூசையும் போட்டார்கள். நான்கு திரைக்கும் சந்தனம், குங்குமம், பூச்சரம். வண்டிக்குப் பூசை போட்டால் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள் அல்லவா? கம்ப்யூட்டருக்குச் சக்கரம் இல்லை, பழத்தை எங்கே வைப்பது என்று பத்து நிமிடம் விவாதித்தார்கள். படித்த மனிதர்கள், கழுத்தில் டை கட்டியவர்கள். கடைசியில் மேசைக்காலின் கீழே வைத்து, நான்கு பேர் சேர்ந்து மேசையைத் தூக்கி இறக்கினார்கள். ஞானம் டீச்சர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சாமியாக்கிப் போட்டினம். இனிப் பிள்ளையள் கும்பிடத்தான் வேணும்" என்றார் என்னிடம். நான் சிரித்தேன், தலைவர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

திறப்பு விழாவுக்கு அரசாங்கப் பட்டம் வாங்கிய ஒரு டத்தோ வருவதாக ஏற்பாடு. எரிகிற இரண்டு திரைகளிலும் செயலாளரின் அண்ணன் மகன் முன்கூட்டியே ஓர் ஆப்பிள் படத்தைப் போட்டு வைப்பான். பிள்ளைகள் அதை வரைந்ததாக டத்தோவிடம் சொல்ல வேண்டும். டத்தோ வரும்வரை கைகட்டி உட்கார வேண்டும். வந்ததும் வலது கை ஆள்காட்டி விரலை ஒரு விசையின் மேல் வைக்க வேண்டும், அமுக்கக் கூடாது. இதற்குப் பிள்ளைகளைப் பழக்கும் பொறுப்பு யாருக்குக் கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்? எனக்குத்தான். மிகவும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன். ஒரு வாரம் முழுக்க அட்டையில் கட்டம் போட்டு, "தொடுற மாதிரி வச்சிக்கணும், அமுக்கக் கூடாது" என்று ஒரு பொய்யைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தேன்.

விழா நாளில் கீழே மீகூன் சேமியாவும் வடையும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். மேலே குளிரில் நான்கு பிள்ளைகள் நான்கு திரைகளுக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். எரிகிற திரை ஒன்றின் முன்னால் மாலதி. பேருக்கு ஞானம் டீச்சர் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை வேண்டும் என்று அவளைச் சேர்த்திருந்தார்கள். டத்தோ உள்ளே வந்தார், நான் கண் காட்டினேன், பிள்ளைகள் விரலை வைத்தார்கள். மாலதி அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. உறையைத் தூக்கிவிட்டு நாலைந்து விசைகளைச் சேர்த்து அமுக்கினாள். ஆப்பிள் மறைந்து, பெட்டி கீச்சென்று கத்தியது. அவள் மிரளவில்லை. குனிந்து பார்த்தாள். பெட்டியில் பிளாப்பி போடும் வாய் இருந்தது. பையிலிருந்து எண்ணிப் பழகும் ஐஸ்கிரீம் குச்சி ஒன்றை எடுத்து, எவ்வளவு ஆழம் என்று பார்க்க உள்ளே விட்டாள்.

டத்தோ சிரித்துவிட்டார். அதையும் எழுதிவிட வேண்டும். அவருக்குக் கோபமே இல்லை. "பரவாயில்ல, பாக்கட்டும்" என்றுதான் சொன்னார். தலைவரின் முகம்தான் கறுத்தது, நான் அந்த முகத்தைப் பார்த்தேன். பிள்ளைகளை வரிசையாக்க வைத்திருந்த மர ரூலர் என் கையில் இருந்தது. மாலதியின் கையைப் பிடித்து இழுத்து, விரல்களின் மேலேயே இரண்டு அடி வைத்தேன். அவள் அழவில்லை. தானாகவே கையைக் கட்டிக்கொண்டாள். தலைவர், "குட், டீச்சர்" என்றார். அந்தக் "குட்"டைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷமாகத்தான் இருந்தது. நான்கு பிள்ளைகளும் கைகட்டியிருக்க, பின்னால் நாங்கள் எல்லோரும் பல்லைக் காட்டி நிற்கிற படம் மறுநாள் பத்திரிகையில் வந்தது.

அடுத்த வாரம் குழு கூடியது. கண்டதையும் கழற்றிப் பார்க்கும் கெட்ட பழக்கத்தை ஞானம் டீச்சர்தான் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார் என்று ஒரு கடிதம் தயாரித்தார்கள். அதில் என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். அந்த நாட்களில்தான் ஒரு காலையில், அவர் வகுப்பில் பிள்ளைகள் களிமண் உருட்டிக்கொண்டிருந்தபோது, ஏதோ கேட்க நான் உள்ளே போனேன். மாலதி மட்டும் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். ஞானம் டீச்சர் ஒரு உருண்டையை அவள் முன்னால் நகர்த்தினார். அவள், "டீச்சர், தொட்டா அடிப்பாங்களா?" என்று கேட்டாள். களிமண்ணைப் பற்றிக் கேட்கிறாள், வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்ட பிள்ளை. நான் கேட்க வந்ததைக் கேட்காமல் திரும்பிவிட்டேன். மறுநாள் ஞானம் டீச்சரின் ராஜினாமாக் கடிதம் மேசையில் இருந்தது. பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் செய்ததைக் கேளுங்கள். கல்யாண வீடுகளிலும், பத்துமலைக்குப் போகும் பஸ்ஸிலும், யார் கேட்டாலும், "கமிட்டிக்காரனுங்க அந்தம்மாவத் தொரத்திட்டானுங்க" என்று வாய் வலிக்கச் சொன்னேன். கேட்டவர்கள் என்னை நியாயவாதி என்று நினைத்தார்கள். கையெழுத்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. ரூலரைப் பற்றியும்.

போன வருடம் அவருக்குச் சர்க்கரை முற்றிப் பார்வை மங்கிவிட்டது என்று கேள்விப்பட்டு கிள்ளானுக்குப் போனேன். தங்கை வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, உடம்பு முடிகிற வரைக்கும் வகுப்பு நடத்தியிருக்கிறார். பிளேன் டீ கொடுத்தார். வழக்கம்போல அரை மணி நேரம் குழுவைத் திட்டித் தீர்த்தேன். அவர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, "அவையளுக்கு நான் பயப்படேல்லை. கடிதத்தைக் கிழிச்சுப் போட்டு இருந்திருப்பன்" என்றார்.

"பின்ன ஏன் டீச்சர் போனீங்க?"

"நீர் அடிச்சனீர். நான் நாலு அடி தள்ளி நிண்டனான். ஓடி வந்து தடுக்கேல்லை, பெரிய மனிசர் நிக்கினம் எண்டு பேசாமல் நிண்டிட்டன். அந்தப் பிள்ளை உம்மைப் பாக்கேல்லை சரோஜா, என்னைப் பாத்தது. பிறகு அதுக்கு முன்னால போய் நிண்டு 'தொடு' எண்டு எந்த முகத்தோட சொல்லுறது?"

இத்தனை வருடம் தலைவரின் தலையில் கட்டிவைத்தது என் மடியில் வந்து விழுந்தது. அதைவிட மோசம், செய்தவள் நான் ஊர் முழுக்கப் பேசித் திரிந்திருக்கிறேன், செய்யாதவர் வேலையை விட்டிருக்கிறார். மன்னித்துவிடுங்கள் என்றேன். அழுதேன் என்றும் சொல்ல வேண்டும். அவர் என்னைத் தேற்றவில்லை. கோப்பையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "என்னட்டை ஏன் கேக்கிறீர்?" என்றார்.

ஞானம் டீச்சரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு கேள்விதான். யாரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தேடிப் பார்த்தேன். அந்தக் குடும்பம் காஜாங் பக்கம் குடிபோய்விட்டதாக ஒருவர் சொன்னார். உண்மையைச் சொன்னால், அதற்கு மேல் தேட எனக்குத் தைரியம் வரவில்லை. நேரில் போயிருந்தால் இதை அச்சில் கேட்க வேண்டி வந்திருக்காது.

மாலதி, உனக்கு இப்போது பதினான்கு, பதினைந்து வயது இருக்கும். ஞானம் டீச்சர் போய்விட்டார். உன்னை விட்டு அவர் போனது உன்மேல் கோபத்தால் அல்ல. உன்னை அடித்தது நான், என் பெயர் சரோஜா. அன்று நீ செய்ததில் ஒரு தப்பும் இல்லை. அந்தப் பெட்டியை உனக்காகத்தான் வாங்கினோம் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தோம், அந்த அறையில் அதை நம்பியவள் நீ ஒருத்திதான்.